உப்புக்காற்றும் உத்தரவாதமும்

கற்பிட்டிக் குடாநாட்டின் ஒருபுறம் கடல். மறுபுறம் புத்தளம் களப்பு. உப்பளங்களுக்கு உதவும் காற்று இரும்புக்குப் பகையாகும். இக்கரையில் ஓடிய மோட்டார் வண்டியின் வர்ணம் பளபளத்தாலும், அடிச்சட்டத்தைத் துரு அரித்திருக்கக்கூடும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டபின் பழைய வண்டிகளின் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்த பின்னரும், பலருக்கு எட்டுவது பழைய வண்டியே.

“பரிசோதித்த வண்டி, உத்தரவாதம் உண்டு” என்பர் விற்போர். எந்தப் பாகத்திற்கு? எத்தனை மாதத்திற்கு? எத்தனை கிலோமீற்றருக்கு? இயந்திரத்திற்கும் கியர்ப்பெட்டிக்கும் பொறுப்பேற்கும் பத்திரம் துருவை விலக்கியிருக்கலாம்.

1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. வண்டி வியாபாரியிடம் வாங்கும் பொருள் தரமாயிருக்கவேண்டும் என்பது சட்டம் தரும் காப்பு. ஆயினும் வாங்குபவர் சோதித்துப் பார்த்திருப்பின், அச்சோதனையில் புலப்பட்டிருக்க வேண்டிய குறைக்கு அக்காப்பு இல்லை. ஆகவே, மேலோட்டமாகப் பார்த்துத் தலையசைப்பவருக்கே நட்டம்.

வண்டியை உயர்த்தி, தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு அடிப்பாகத்தை ஆராய்தல் வேண்டும். துருவுக்கும் பொறுப்பு உண்டா என்பதை எழுத்திற் பெறுதல் வேண்டும். வாய்ச்சொல்லைக் காற்றுக் கொண்டுபோகும், கையொப்பம் நிலைக்கும்.