ஒளி குளிர்விக்குமா?

சீர்காழியில் சித்திரை வெயிலில் திண்ணை ஏறி வருபவருக்கு மண்பானைத் தண்ணீரைத்தான் கொடுப்பார்கள். பித்தளைக் குடத்துத் தண்ணீரை அன்று. பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் வெப்பத்தையும் கவர்ந்து செல்கிறது. பித்தளையிலோ கசிவதற்கு வழி இல்லை. இவ்விரண்டு பாத்திரங்களையும் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லேசர் ஒளி இரும்பையும் துளைக்கும். அவ்வொளியாலேயே ஓர் உலோகத்தைக் குளிர்விக்கவும் கூடுமோ?

முதலில் சூடேறுவதைப் பார்ப்போம். ஒரு கிராம் செம்பின்மீது ஆயிரத்தில் ஒரு ஜூல் ஆற்றல் ஏறினால், நம் அறை வெப்பத்தில் அது ஒரு டிகிரியில் ஏறக்குறைய நானூறில் ஒரு பங்கே சூடாகும். கையால் உணரவே முடியாது. அதே செம்பு 4 கெல்வினில், அதாவது பனிக்கட்டியின் நிலைக்கு 269 டிகிரி கீழே இருக்குமானால், அதே சிறு ஆற்றல் அதனை 8 கெல்வினுக்கு உயர்த்திவிடும்! கடுங்குளிரில் உலோகத்தின் வெப்பக் கொள்திறன் அவ்வளவு சுருங்கிவிடுகிறது. வற்றிய வாய்க்காலில் ஒரு குடம் நீரும் வெள்ளம்தான்.

இனி, குளிர்ச்சி. காவிரிக் கரைத் திருவானைக்காவில் 1888இல் பிறந்த சர் சி. வி. இராமன், 1928இல் கண்ட ஒளிச்சிதறலில், ஒளியின் சிறு பகுதி உட்புகுந்ததைவிட அதிக ஆற்றலோடு வெளிவரக் கண்டார். அம்மிகுதி பொருளிடமிருந்தே வந்ததன்றோ? மறு ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பிரிங்ஸ்ஹைம், ஒளிர்தல் என்னும் வேறொரு நிகழ்ச்சிக்கு இதே வரவு செலவுக் கணக்கைப் பொருத்தி, ஒளியால் பொருளைக் குளிர்விக்கலாம் என்றார். அது கைகூட அறுபது ஆண்டுகளுக்கு மேலாயின. 1995இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில், இட்டெர்பியம் கலந்த கண்ணாடித் துண்டு லேசர் பட்டு 0.3 டிகிரி குளிர்ந்தது. அற்பம் என்று நகைக்க வேண்டா. 2016இல் இட்டெர்பியம் கலந்த ஒரு படிகம் 91 கெல்வினை எட்டிற்று.

இட்டெர்பியம் கலந்த கண்ணாடி நம் மண்பானை. உள்ளே புகுந்த ஒளி, வெப்பத்தையும் சுமந்துகொண்டு வெளியேறுகிறது. உலோகக் கட்டியோ பித்தளைக் குடம். படும் ஒளியில் பெரும்பகுதியை அது திருப்பியடித்துவிடும். எஞ்சியதை விழுங்கும் எலெக்ட்ரான்கள், ஒரு விநாடியின் இலட்சம் கோடியில் சில பங்கு நேரத்திற்குள் அதனை அணுக்களின் அதிர்வாக, அதாவது வெப்பமாக, மாற்றிவிடுகின்றன. மீண்டும் ஒளியாக வெளிவர வழியே இல்லை.

ஆனால் உலோகத்தை ஆவியாக்கி, அணுக்களைத் தனித்தனியே பிரித்துவிட்டால் கதை மாறும். சோடியமும் உலோகமே. எதிர்த்து வரும் அணுக்களை மட்டும் தடுத்து வேகத்தைக் குறைக்குமாறு லேசரின் நிறத்தை அமைத்து, 1985இல் ஸ்டீவன் சூ குழுவினர் சோடியம் ஆவியை ஒரு கெல்வினில் பத்து இலட்சத்தில் 240 பங்கு அளவுக்குக் குளிர்வித்தனர். 1997இன் நோபெல் பரிசு இத்துறைக்கே கிடைத்தது. பெங்களூரில் இராமன் நிறுவிய ஆய்வு நிலையத்திலும் இவ்வாறு குளிர்ந்த அணுக்களை ஆராய்கிறார்கள்.

ஆயினும் திண்மையான செம்புக் கட்டியை 4 கெல்வினுக்குக் கொண்டுசெல்ல, இன்றும் ஹீலியத்தின் துணையையே நாடுகிறோம்.