பெயர் மறைத்த கவிதையும் மறையாத மனமும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



விழா நாளில் பாராட்டிப் பேசுவதே மரபு. ஆயினும் பத்தாண்டு நிறைவு என்பது கணக்குப் பார்க்கும் நாளும் ஆகும். நம் கவிதைப் போட்டிகளில் நடுவராக அமர்ந்தவன் என்ற முறையில், நான் செய்த ஒரு பிழையை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

ஓர் ஆண்டு, பெயர்களை நீக்கி, எண்கள் மட்டும் இட்டுக் கவிதைகளை எங்களிடம் தந்தார்கள். இனி ஓரவஞ்சனைக்கு இடமில்லை என்று நானும் மகிழ்ந்தேன். அவற்றுள் ஒன்று, விடியலில் கிணற்றில் நீர் இறைக்கும் தாயைப் பற்றியது. படித்ததும் கண் கலங்கிற்று; முதலிடம் தந்தேன். நியாய விலைக் கடை வரிசையைப் பற்றிய மற்றொரு கவிதை, என் மதிப்பெண்ணால் நான்காம் இடத்துக்குச் சென்று பரிசை இழந்தது.

பரிசளிப்பு முடிந்து தேநீர் அருந்துகையில் உடன் நடுவர் ஒருவர் கேட்டார்: “ஐயா, அந்தக் கிணற்றுக் கவிதையில் உங்களைக் கலங்க வைத்த அடி எது?” நான் தாளைப் புரட்டினேன். ஓர் அடியையும் காட்ட இயலவில்லை. என்னைக் கலங்க வைத்தது எங்கள் வீட்டுக் கிணற்று உருளையின் ஓசை. அது அந்தத் தாளில் இல்லை. வரிசைக் கவிதையை மீண்டும் படித்தேன். தேவையற்ற சொல் ஒன்றுகூட அதில் இல்லை. அதை எழுதிய இளைஞர் பின்னர் இரண்டு கூட்டங்களுக்கு வந்தார், அதன்பின் வரவில்லை. காரணம் நான்தானா என அறியேன். ஆனால் அந்த உறுத்தல் இன்னும் நீங்கவில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ.ஏ.ரிச்சர்ட்ஸ், கவிஞர் பெயர்களை மறைத்துக் கவிதைகளை மாணவரிடம் தந்து கருத்தெழுதச் செய்தார். அவற்றுள் பதின்மூன்று கவிதைகளுக்கு வந்த கருத்துகளை ஆராய்ந்து 1929இல் ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ என்னும் நூலாக வெளியிட்டார். ஜான் டன், ஹாப்கின்ஸ், டி.எச்.லாரன்ஸ் போன்றோரின் கவிதைகளையும் பலர் இகழ்ந்து எழுதியிருந்தனர். பெரும்பாலோர் இலக்கியம் பயின்றவர்களே! நல்ல வாசிப்புக்குக் குறுக்கே நிற்கும் பத்துத் தடைகளை ரிச்சர்ட்ஸ் எடுத்துரைத்தார். கவிதைக்குத் தொடர்பற்ற சொந்த நினைவுகள் குறுக்கிடுதல் அவற்றுள் ஒன்று. முன்பே மனத்தில் தயாராக இருக்கும் உணர்ச்சி, கொள்கைப் பற்று, வடிவம் பற்றிய முன்முடிவு ஆகியவையும் அப்பட்டியலில் உண்டு. பெயரை மறைத்தால் எழுதியவரைப் பற்றிய சார்பு அகலலாம். படிப்பவரின் சார்பு அப்படியே இருக்கிறது.

நம்மிடையிலும் இது உண்டு. வெண்பாவைக் கண்டதும் பழமை எனத் தள்ளுவோரும், புதுக்கவிதையைக் கண்டதும் உரைநடை எனத் தள்ளுவோரும் படிக்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அப்படியாயின் விருப்பு வெறுப்பே இல்லாதவர்தாம் நடுவராக வேண்டுமா? அத்தகையோருக்குக் கவிதை எதற்கு? விருப்பம் இருக்கட்டும், அதனிடம் காரணம் கேட்போம். 1930களில் பாரதி மகாகவியா என்ற விவாதம் எழுந்தபோது, கல்கி ஒரு பக்கம் நின்றார். கு.ப.ராஜகோபாலனும் சிட்டியும் மறுபக்கம் நின்று, பாரதியின் பாடல்களுக்குள் சென்று காரணம் காட்டிக் கட்டுரைகள் எழுதினர். அவை ‘கண்ணன் என் கவி’ என்னும் நூலாயின. அன்று மறுத்து எழுதிய கல்கியே பின்னர் எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் எழ முன்னின்று உழைத்தார். அது 1947இல் திறக்கப்பெற்றது. காரணத்தோடு மாறுபட்டவர்கள் பகைவராக வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று.

வள்ளுவரும் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில், அன்பு ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு ஆளைத் தேர்வதன் கேட்டைச் சொல்கிறார். நிறை குறை இரண்டையும் ஆராய்ந்து, மிகுந்ததைக் கொண்டு முடிவு செய்யச் சொல்கிறார். ஆளுக்குச் சொன்னது கவிதைக்கும் பொருந்தும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்களோடு அமைகிறேன். இனி நம் நடுவர்கள், கூடிப் பேசுவதற்கு முன்பே, இன்ன அடியால் இன்ன மதிப்பெண் என்று தனித்தனியே எழுதி வைக்க வேண்டும். ஒரு கவிதை நம்மை மிகவும் உருக்கினாலோ எரிச்சலூட்டினாலோ, அதைச் சில நாள் கழித்து மீண்டும் படிக்க வேண்டும். அப்போதும் நிற்பது கவிதையுடையது. கரைந்து போவது நம்முடையது.

வரிசைக் கவிதையை எழுதிய நண்பர் இந்த அவையில் இருக்கிறாரா, அறியேன். இருந்தால், விழா முடிந்ததும் அக்கவிதையை மேடையேறி ஒருமுறை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இம்முறை நான் ஒழுங்காகக் கேட்பேன்.