கருவறைக்குப் பின்னால் ஒரு பாடம்

சோழர் பாடம் என்றால் தஞ்சாவூர்ப் படத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கிழக்குத் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் தேனுபுரீஸ்வரர் கோயில் இருக்கிறது, சோழர் காலத்தது. நம் பிள்ளைகளில் பலர் அதைப் பார்த்ததில்லை.

கருவறைக்குப் பின்னால் அவர்களை அழைத்துச் செல்லுங்கள். சுவர், மூலையே இல்லாமல் அரைவட்டமாக வளையும். படுத்துறங்கும் யானையின் பின்புறம் போலிருப்பதால் இதைத் தூங்கானை மாடம் என்பார்கள். மாமல்லபுரத்துச் சகாதேவ ரதமும் இதே வடிவம்தான். பக்கத்திலேயே கல்யானையும் நிற்கிறது. அது ஒரே பாறையில் செதுக்கியது. இங்கே கல்மேல் கல் அடுக்கி வளைத்திருக்கிறார்கள். எப்படி என்று பிள்ளைகளைக் கேளுங்கள். கணக்கு ஆசிரியரும் உடன் வந்தால் நல்லது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இராது. ஆனாலும் ‘ட’, ‘ப’ எழுத்துகளை ஆறாம் வகுப்புப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னம் இது. எழுத்து தெரியவில்லையென்று சாக்பீஸ் தேய்க்க மட்டும் விட்டுவிடாதீர்கள்.