காகம் போடும் கணக்கு



கனடாவின் மேற்குக் கரையோரம் மண்டார்ட்டே என்றொரு சிறு தீவு. கடல் வற்றும் நேரத்தில் அங்குள்ள காகங்கள் கரைக்கு வந்து கடல் நத்தை பொறுக்கும். ஓடு கெட்டியானது, அலகால் கொத்தி உடைக்க முடியாது. அதனால் நத்தையைக் கவ்விக்கொண்டு மேலே பறந்து பாறைமேல் போடும். 1970களில் ரேட்டோ ஸாக் என்ற ஆய்வாளர் இதைப் பொறுமையாகக் கவனித்தார். கண்ணில் பட்டதையெல்லாம் காகம் தூக்கவில்லை. ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நீளமுள்ள பெரிய நத்தைதான் அதற்கு வேண்டும். சின்னது காலடியில் கிடந்தாலும் சீண்டாது.

ஸாக் தாமே வெவ்வேறு உயரங்களிலிருந்து நத்தைகளைப் போட்டுப் பார்த்தார். பெரியவை சீக்கிரம் உடைந்தன. 5 மீட்டருக்கு ரொம்பக் கீழே என்றால் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது. அதற்கு மேலே போனாலும் அதிக லாபம் இல்லை. காகங்கள் நத்தையை நழுவவிட்ட உயரம் எவ்வளவு தெரியுமா? கிட்டத்தட்ட அதே 5 மீட்டர்!

பெரிய நத்தை ஒன்றில் சுமார் 2 கிலோகலோரி கிடைக்கிறது. உடைப்பதற்கான பறப்புச் செலவு அரை கிலோகலோரியைச் சற்றே தாண்டும். நடுத்தர நத்தை என்றால் செலவே வரவை விழுங்கிவிடும்.

இன்னொன்று. நாலு தடவை போட்டும் உடையவில்லை என்றால் நாமாக இருந்தால் வேறொன்றைத் தேடுவோம். காகம் அதையேதான் மறுபடி தூக்கும். வீம்பு என்று நினைக்காதீர்கள். ஐந்தாம் முறை உடைவதற்கான வாய்ப்பு முதல் முறையைவிடக் குறைவதில்லை என்று ஸாக்கின் சோதனை காட்டியது. புதிதாகத் தேடினால் அந்த அலைச்சல்தான் மிச்சம். காகம் உட்கார்ந்து கூட்டிக் கழிக்கிறது என்று நான் சொல்லவில்லை. வீண்செலவு செய்தவை தலைமுறை தலைமுறையாகப் பின்தங்கிப் போயிருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் கலோரியை மட்டும் வைத்து எல்லா விலங்கையும் அளந்துவிட முடியாது. உயிர்ப் பயமும் கணக்கில் ஏறும். நம் சத்தியமங்கலம் பக்கமே வாருங்கள். 1980களின் தொடக்கத்தில் ராமன் சுகுமார் அந்த மலைக்காடுகளின் யானைகளை ஆராய்ந்தார். கேழ்வரகுப் பயிரில் காட்டுப் புல்லைவிடப் புரதமும் உப்புச் சத்தும் கூடுதல். வாய்க்கு ருசியும்கூட. ஆனால் அங்கே பரணில் ஆள் இருக்கும், தீப்பந்தம் இருக்கும், சில சமயம் துப்பாக்கியும் இருக்கும். குட்டிகளோடு திரியும் பெண் யானைக் கூட்டங்கள் வயலுக்கு வருவது குறைவு. வளர்ந்த ஆண் யானைகள் அவற்றைவிடப் பல மடங்கு அதிகமாக வந்தன. உடல் பெருத்த ஆணுக்குத்தான் போட்டியில் வென்று இணை சேர வாய்ப்பு அதிகம். அந்த லாபத்துக்காக ஆண் துணிகிறது என்பது சுகுமார் தந்த விளக்கம். குட்டியைக் கூட்டிக்கொண்டு அப்படித் துணியத் தாயால் முடியாது.

துணிவோடு தந்திரமும் சேர்ந்துகொள்ளும். தந்தத்தில் மின்சாரம் பாயாது. அதைக் கற்றுக்கொண்ட கொம்பன்கள் மின்வேலிக் கம்பியைத் தந்தத்தாலேயே அறுத்துவிட்டு வயலுக்குள் இறங்கிவிடுகின்றன.