நடையும் நாடியும்



ஆம்பூரில் முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பேசியவன் நான். மூன்றாண்டுகளுக்கு முன் எனக்கு மாரடைப்பு கண்டது. நீரிழிவும் முழங்கால் வாதமும் அதற்கு முன்னரே என்னிடம் குடிபுகுந்திருந்தன. வீட்டார் என்னைச் சாய்வு நாற்காலியில் அமர்த்தினர். தண்ணீர்ச் செம்பையும் பேரன்தான் எடுத்துத் தருவான். எல்லாம் அன்பினால் செய்தவையே. ஆயினும் ஒரு மாதத்தில் திண்ணைப் படி ஏறுவதற்கே மூச்சு வாங்கியது.

என்னைப் பரிசோதித்த வைத்தியரோ, "இனி நடக்க வேண்டும், அளவறிந்து நடக்க வேண்டும்" என்றார். எனக்கு வியப்பு. ஆனால் இது பழைய உண்மை. மார்வலியைத் தெளிவாக விவரித்த லண்டன் வைத்தியர் வில்லியம் ஹெபர்டன், நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுத்துப் பெரிதும் குணமடைந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்நூல் 1802-இல் வெளிவந்தது.

காரணம் யாது? பழகிய தசை, இரத்தத்திலுள்ள பிராணவாயுவை நன்கு எடுத்துக்கொள்ளும். ஆகவே அதே வேலைக்கு இதயம் குறைவாகத் துடித்தால் போதும். உழைக்கும் தசை சர்க்கரையையும் செலவிடும். ஒரே மருந்து இரு நோய்க்கும் உதவுகிறது.

எனினும் பல நோய் உடையவர்கள் இத்தகைய ஆராய்ச்சிகள் பலவற்றில் சேர்க்கப்படவில்லை. ஆதலின் அவரவர்க்கு ஏற்ற திட்டம் வேண்டும். முதலில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறேன் என்று அளந்தனர். பேச இயலும் வேகத்தில் நடக்கவும், மார்வலியோ மயக்கமோ தோன்றினால் உடனே நிற்கவும் கற்பித்தனர். சர்க்கரை இறங்கினால் உண்ண, சட்டைப்பையில் இனிப்பு வைத்திருக்கிறேன். முழங்காலுக்காகச் சமதரையில் நடக்கிறேன்.

பாதத்தையும் மறத்தல் ஆகாது. தொழுநோயாளரின் காலில் புண் உண்டாவது உணர்ச்சி இழப்பினால் என்பதை வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். அவர்களுக்கென மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்புகள் செய்யப்பட்டன. நீரிழிவினாலும் பாதம் மரத்துப்போகும்; ஆகவே அவ்வகைச் செருப்பே இன்று என் காலிலும் இருக்கிறது. உலகுக்கெல்லாம் காலணி அனுப்பும் ஊரில் வாழ்ந்தும், என் பாதத்தை நான் உற்று நோக்கியது அறுபது வயதுக்குப் பின்னரே!

1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தே பணியாற்றினார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தோன்ற அவரே காரணமானார். உயிர் பிழைத்தல் பாதி. மீண்டும் வாழப் பழகுதல் மறுபாதி.

உங்கள் இல்லத்திலும் நோயுற்ற பாட்டனார் இருக்கலாம். அவர் நடக்கலாமா, எவ்வளவு நடக்கலாம் என்பதை வைத்தியரிடம் கேளுங்கள். அவர் இசைந்தால், செம்பைக் கையில் எடுத்துத் தருவதோடு நில்லாமல் கைபிடித்து உடன் நடவுங்கள். என் பேரன் இப்போது அதைத்தான் செய்கிறான்.