ஓசி வீடு

(தஞ்சாவூரில் அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். இன்றைக்குக் கவிதை வேண்டாம், கூரையைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

நம்ம சனத்துக்குக் கூரை சாதாரண விஷயமில்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு வைத்து எரித்தார்கள். "தளம் போட்ட வீடுன்னா நெருப்பு வைக்க முடியாதுடா" என்று எங்க அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். எரியாத கூரை, அதுதான் அவர் ஆசை.

1996இல் எங்கள் தெருவில் தொகுப்பு வீடு கட்டினார்கள். எனக்கு அஞ்சு வயசு. அங்கேயே கல்லு மண்ணு சுமந்த அப்பா பிற்பாடு சொன்னதுதான் இது: ஆத்து மணல் லாரி லாரியாக வெளியூர் போச்சு, எங்க தளத்துக்குச் சவுடு கலந்த மணல் வந்துச்சு. கம்பியைப் பலகை மேலேயே கிடத்திக் கலவையைக் கொட்டினார்கள். ரெண்டே நாள் தண்ணி ஊத்தினார்கள்.

2024 ஐப்பசி மழையில், தூங்கிக்கொண்டிருந்த அம்மாவின் வலது தோளில் தளத்துக் காரை பெயர்ந்து விழுந்தது. அந்தக் கையால் இன்றைக்கும் குடம் தூக்க முடியாது. மனு கொடுக்கப் போனோம். உட்கார்ந்திருந்தவர் சொன்னார்: "ஓசியில வந்த வீடு. இத்தனை வருசம் நின்னதே பெரிசு."

காரை ஏன் விழுகிறது? உள்ளே கம்பி துருப்பிடித்தால் உப்பும். உப்பின கம்பி அடியில் இருக்கிற காரையை உடைத்துத் தள்ளும். தளத்தின் அடிக்கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டர் அளவுக்குக் காரை வேண்டும், குறைந்தது ஏழு நாள் ஈரம் காக்க வேண்டும் என்கிறது 2000ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456 விதி. அந்த விதியில் ஊருக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று என்று இல்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1993இல் லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: வீடு கட்டித் தருவது சேவை. மட்டமான பொருள் போட்டுக் கட்டினால் அது சேவைக் குறைபாடு. அரசு அமைப்பும் இதில் தப்ப முடியாது. அலைக்கழித்த அதிகாரியிடமே இழப்பீட்டை வசூலிக்கலாம். 2016 ரியல் எஸ்டேட் சட்டம், அடுக்குமாடி வீடு வாங்குகிறவருக்கு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறையைச் சொன்னால், கட்டியவர் 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும்.

நமக்கு? 1986 நுகர்வோர் சட்டமும் சரி, 2019 சட்டமும் சரி, இலவச சேவையை வெளியே நிறுத்திவிட்டன. ஊருக்கு வெளியே சேரி, சட்டத்துக்கு வெளியே ஓசி வீடு.

நிஜமாகவே இது ஓசியா தோழர்களே? நான் வங்கியில் கிளார்க். நிலைக்கதவு வாங்கத் தோட்டை அடகு வைக்க வருகிற அம்மாக்களுக்கு நான்தான் சீட்டு எழுதுகிறேன். ஒன்றியத்தில் கொடுக்கிற சிமெண்டுக்கும் கம்பிக்கும் உள்ள தொகையை மானியத்தில் கழித்துக்கொண்டு மீதியைத்தான் கணக்கில் போடுகிறார்கள். கழித்த பணம் விலை இல்லையா? விலை கொடுத்தவள் நுகர்வோர் இல்லையா? இதை நாம் நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். அங்கே கதவடைத்தால் உயர் நீதிமன்றம் இருக்கிறது. பாதுகாப்பான கட்டடத்தில் குடியிருப்பதும் உயிர்வாழும் உரிமையில் சேர்ந்ததுதான் என்று 1995இல் சமேலி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

2021இல் சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் தொட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்தது. சனங்கள் சுரண்டிக் காட்டினார்கள், அது படமாக ஊரெல்லாம் போனது. பிறகுதான் ஐ.ஐ.டி. ஆய்வு, பொறியாளர்கள் இடைநீக்கம் எல்லாம் வந்தன. காட்டாமல் இருந்திருந்தால் அதுவும் ஓசி வீடுதான்.

28 வருசம் கழித்து அம்மா தோளுக்கு யாரைக் கேட்பது? அந்தக் காண்ட்ராக்டர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆகவே கட்டும்போதே கேட்க வேண்டும். 2024இல் வந்த கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம். மூட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் தயாரித்த வாரத்தையும் பாருங்கள். சொந்தக் காசில் வாங்குகிற பொருளுக்குப் பில்லை விடாதீர்கள். பொருள் கோளாறால் கேடு வந்தால் தயாரித்தவரிடமும், சில நிலைமைகளில் விற்றவரிடமும் இழப்பீடு கேட்க 2019 சட்டத்தில் வழி இருக்கிறது. புகாருக்குக் கெடு இரண்டு வருசம்.

இன்னொன்று. 2005 தகவல் உரிமைச் சட்டம் காகிதம் கேட்க மட்டும் இல்லை. அரசு செய்யும் வேலையை நேரில் பார்வையிடலாம், பொருளின் சான்றளித்த மாதிரியையும் வாங்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

எங்கள் தெருவில் அரசு வேலையாக ஒரு தளம் போடப்போகிறார்கள். மணலிலும் சிமெண்டிலும் மாதிரி கேட்டு மனு எழுதியாயிற்று. கையெழுத்து அம்மாவுடையது, இடது கையால் போட்டது. உங்கள் தெருவிலிருந்தும் ஒரு மனு போகட்டும்.