சட்டக் கல்லூரியும் தங்கும் அறையும்

(இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



சட்டம் கற்க விரும்பும் மாணவருக்குப் பயன்படும்படி சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். சட்டத்தின் பெருமையைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். நான் பேச எடுத்துக்கொண்டது அதனிலும் சிறிய விஷயம். எந்த இடத்திலே சட்டம் கற்பது, கற்கும்போது எந்த இடத்திலே தங்குவது என்பதே அது.

உயர்தரப் பரீட்சை முடிவு வெளியானதும் வீட்டிலே முதற் கேள்வி பிறக்கிறது. அதைப் பற்றித் தகப்பனார் யோசிக்கிறார், மாமனார் யோசிக்கிறார், அதிபரிடமும் ஆலோசனை கேட்கப்படுகிறது. இரண்டாவது கேள்வியைப் பற்றி ஒருவரும் யோசிப்பதில்லை. "கொழும்பிலே யாராவது இருப்பார்கள்தானே" என்பதோடு அது முடிந்துவிடுகிறது. இந்த இரண்டும் இரு கேள்விகள் அல்ல, ஒரே கேள்வி என்பதே நான் சொல்ல வந்த கருத்து. கல்லூரியைத் தெரிந்தபின் அறை தேடுவோம் என்று இருப்பவர்களில் பலர், அறையின் காரணமாகவே கல்லூரியை விட்டுத் திரும்புகிறார்கள்.

நம்மவர்க்குச் சட்டத் தொழில் புதியதன்று. சேர் முத்துக்குமாரசுவாமி அவர்கள் இங்கிலாந்து சென்று 1863இல் பாரிஸ்டரானார். அவருடைய மருமகனான சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் இந்நாட்டின் சொலிசிட்டர் ஜெனரலாக விளங்கினார். அவர்கள் செல்வக் குடும்பத்தினர்; தங்குமிடம் அவர்களுக்கு ஒரு பிரச்சினை அன்று. ஆனால் திரு. சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்களோ கொழும்பிலே ஆசிரியராக உழைத்துக்கொண்டே சட்டம் கற்றவர். இன்று நம் மாணவரிற் பெரும்பாலோர் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்களே. ஆதலால் அவர்களுக்குக் கணக்குப் பார்த்துப் பேசவேண்டியது நம் கடமை.

முதலில் வழிகளைப் பார்ப்போம். இலங்கையிலே சட்டத்தரணியாகத் தொழில் புரிய விரும்பும் எவரும் உயர் நீதிமன்றத்தின் முன் சத்தியப் பிரமாணம் செய்தல் வேண்டும். அதற்கு முன் கொழும்பு புதுக்கடையிலுள்ள இலங்கைச் சட்டக் கல்லூரியின் வாயிலைக் கடந்தே ஆகவேண்டும். 1874இல் தோன்றிய சட்டக் கல்விச் சபையின் கீழ் நடப்பது இக் கல்லூரி. முற்காலத்தில் அப்புக்காத்து என்றும் பிரக்கிராசி என்றும் இரு பிரிவினர் இருந்தனர். 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் அந்த வேற்றுமையை ஒழித்து, எல்லோரையும் சட்டத்தரணி என்ற ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்தது. ஆகவே ஊர்கள் பலவாயினும் சந்தி ஒன்றுதான். அது புதுக்கடைச் சந்தி.

அந்தச் சந்திக்கு நேரே போகும் வழி, நுழைவுப் பரீட்சையில் சித்தியடைந்து சட்டக் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் பயில்வது. அதன்மேல் அனுபவமுள்ள சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதப் பயிற்சி உண்டு. இரண்டாவது வழி பல்கலைக்கழகம். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் மாணவரைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இசட் புள்ளியைக் கொண்டு தெரிவுசெய்கிறது. அங்கே பட்டம் பெற நான்கு ஆண்டுகள் செல்லும். மூன்றாவது வழி, 1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகம். உத்தியோகம் பார்த்துக்கொண்டே, குடும்பத்தைத் தாங்கிக்கொண்டே கற்க விரும்புவோர்க்கு அது ஏற்றது. கட்டணம் செலுத்தி இலண்டன் பல்கலைக்கழகப் பட்டத்துக்குப் படிப்போரும் உளர்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சட்டப் பட்டம் பெற்ற உடனே ஒருவர் சட்டத்தரணி ஆகிவிடுவதில்லை. பட்டதாரிக்குச் சட்டக் கல்லூரியிலே சில பரீட்சைகளிலிருந்து விலக்கு உண்டு. ஆயினும் இறுதிப் பரீட்சையும் ஆறு மாதப் பயிற்சியும் அவரை எதிர்நோக்கி நிற்கின்றன. பட்டத்துக்கு நான்கு ஆண்டு, அதன்மேல் இவை. கூட்டிப் பார்த்தால் ஐந்து ஆண்டுக்குக் குறையாது. யாழ்ப்பாணத்திலே பட்டம் பெறும் மாணவனும் ஒரு நாள் கொழும்பிலே அறை தேடித்தான் ஆகவேண்டும். பெற்றோர் பலர் நான்கு ஆண்டுக்குக் கணக்கிட்டுப் பணம் ஒதுக்கி, ஐந்தாம் ஆண்டிலே தடுமாறுவதற்குக் காரணம் இதுவே. நிபந்தனைகள் காலத்துக்குக் காலம் மாறுவதால், அந்தந்த ஆண்டின் அறிவித்தலை நேரே வாசித்து அறிதல் நன்று.

இனி, மொழியைக் கவனியுங்கள். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்திலேயே நடத்தவேண்டுமென்று 2020ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு விதி வெளியாயிற்று. 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதனை நிராகரித்தது. தமிழிலே எழுத விரும்பும் மாணவர்க்கு அஃது ஆறுதலே. ஆனால் அதைக் கேட்டு ஆங்கிலத்தைக் கைவிடுவது அறிவுடைமை ஆகாது. பழைய தீர்ப்புகளைத் தாங்கி நிற்கும் நியூ லோ றிப்போட்ஸ் என்னும் தொகுதிகள் ஆங்கிலத்திலேயே உள்ளன. கொழும்பு நீதிமன்றங்களிலோ சிங்களம் வேண்டும். தமிழிலே சிந்தித்து, ஆங்கிலத்திலே வாசித்து, சிங்களத்திலே பேசவல்ல சட்டத்தரணிக்கு இந்நாட்டில் எங்கும் இடமுண்டு.

நிற்க. தங்குமிடத்துக்கு வருவோம்.

பேராதனையிலே இக் கேள்வி சற்று இலகுவானது. மாணவர் வளாகத்துக்குள்ளேயே தங்கிக் கற்கவேண்டும் என்ற நோக்குடன் அமைக்கப்பட்ட பல்கலைக்கழகம் அது. இராமநாதன், அருணாசலம் என்னும் சகோதரர் இருவரின் பெயராலும் அங்கே விடுதிகள் உள. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் திருநெல்வேலியிலே இருப்பதால், கொக்குவில், கோண்டாவில் முதலிய அயற்கிராமங்களில் வீட்டோடு சேர்ந்த அறைகள் கிடைக்கும். குடாநாட்டு மாணவன் துவிச்சக்கர வண்டியிலே வீட்டிலிருந்தே போய்வரலாம். சிரமம் முழுவதும் கொழும்பிலேதான்.

கொழும்பு என்றதும் நம்மவர் வெள்ளவத்தை என்பர். கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்க்கு அது பொருந்தும். காலி வீதியிலே 100ஆம், 101ஆம் இலக்க பஸ்கள் உண்டு. கரையோரப் புகையிரதமும் உண்டு. பம்பலப்பிட்டியிலே இறங்கினால் நடக்கும் தூரமே. கொழும்புப் பொது நூலகமும் பல்கலைக்கழகத்துக்கு அண்மையிலேயே இருக்கிறது. ஆனால் சட்டக் கல்லூரிக்குப் போகிறவர் வெள்ளவத்தையில் இருப்பதனாற் பெறும் நன்மை யாது? கோட்டை வரை புகையிரதம், அதன்பின் புறக்கோட்டை நெரிசலைத் தாண்டிப் புதுக்கடை. காலையும் மாலையும் இப்படி வீணாகும் நேரத்தைச் சேர்த்தால் ஒரு வாரத்திலே ஒரு பாடத்தைப் படித்து முடிக்கலாம். அவருக்குக் கொட்டாஞ்சேனையே ஏற்றது. அங்கிருந்து கால்நடையாகவே புதுக்கடைக்குப் போகலாம். தமிழ்க் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் அருகிலுண்டு. திறந்த பல்கலைக்கழகம் நாவலையில் இருப்பதால், அங்கே படிப்போர்க்கு நுகேகொடைப் பக்கம் வசதியானது. ஆகவே, "நம்மவர் எங்கே இருக்கிறார்கள்" என்று மாத்திரம் பாராமல், "நூலகமும் வகுப்பும் எவ்வளவு தூரம்" என்றும் பார்த்தல் வேண்டும்.

அறையைப் பார்க்கப் போகும்போது பகலிலே ஒரு முறையும் இரவிலே ஒரு முறையும் போங்கள். பகலில் அமைதியாயிருக்கும் ஒழுங்கை இரவிலே சந்தையாயிருக்கலாம். பெண்பிள்ளைகள் பஸ் தரிப்பிடத்திலிருந்து வீடு வரை வெளிச்சம் உண்டா என்று பார்த்தல் அவசியம். தண்ணீர்க் கட்டணமும் மின்சாரக் கட்டணமும் வாடகையுட் சேர்ந்தவையா, இரவு பத்து மணிக்குப் பின் விளக்கெரிக்க அனுமதி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். இரவிலே விளக்கெரிக்க முடியாத அறை, சட்ட மாணவனுக்கு எவ்வளவு மலிவாயினும் நட்டமே. இருவர் சேர்ந்து எடுப்பதாயின் அதே பாடம் படிக்கும் ஒருவருடன் சேருங்கள். வாடகை பாதியாகும், வழக்குகளை வாதித்துப் படிக்க ஒரு துணையும் கிடைக்கும்.

முற்பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டம் படிக்கப் போகிற பிள்ளை, தன் சொந்த அறைக்கான ஒப்பந்தத்தை வாசியாமல் கையெழுத்திடுவது நகைப்புக்குரியது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையிலே இரு சாட்சிகளுடன் எழுதப்பட்டால்தான் வலுவுள்ளது. "ஒரு வருடத்துக்குத் தருகிறேன்" என்று வாய்ப்பேச்சாகச் சொன்ன வீட்டுக்காரர் மூன்றாம் மாதத்தில் எழும்பச் சொன்னால், அந்த வாய்ப்பேச்சை நம்பி நிற்க முடியாது. மாத வாடகைக்கு உறுதி எழுதத் தேவையில்லை. ஆனாலும் கொடுத்த முற்பணம் எவ்வளவு, எப்போது திருப்பித் தரப்படும், எழும்புவதற்கு எத்தனை நாள் அறிவித்தல் என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். மாதந்தோறும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வீட்டுக்காரரை நம்பாமையால் இதைச் செய்யச் சொல்லவில்லை. இருவருக்கும் மனக்கசப்பு வராமலிருக்கவே சொல்கிறேன்.

இவ்வளவு சிறிய விஷயங்களை ஏன் இவ்வளவு விரித்துப் பேசவேண்டும் என்று சிலர் நினைக்கலாம். தமிழும் அரசகரும மொழி என 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் கூறிற்று. வடக்குக் கிழக்கிலே நீதிமன்ற மொழி தமிழ் என 1988இல் பதினாறாம் திருத்தம் விதித்தது. ஆனால் திருத்தங்கள் தாமாக எழுந்து நின்று வாதாட மாட்டா. தோட்டத்திலிருந்து வந்து விளங்காத மொழியிலே குற்றச்சாட்டைக் கேட்டு நிற்கும் தொழிலாளிக்கும், தேசவழமையின் கீழ்த் தன் சீதனக் காணிக்கு உரிமை கேட்கும் தாய்க்கும் ஒரு சட்டத்தரணி வேண்டும். அவர்களுடைய துன்பத்தை நன்கறிந்த பிள்ளை, பெரும்பாலும் அவர்களுடைய வீடுகளிலேயே பிறக்கிறது. அந்தப் பிள்ளை மூளை போதாமல் நின்றுவிட்டால் நாம் ஒன்றும் செய்ய இயலாது. அறை வாடகை போதாமல் நின்றுவிட்டால், அந்தக் குறை நம் சமூகத்தின் குறையே.

ஆதலால் இங்குள்ள பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். கொழும்பிலே வெறுமனே பூட்டிக் கிடக்கும் அறை உங்களிடம் இருக்குமாயின், நியாயமான வாடகைக்கு ஒரு சட்ட மாணவனுக்கோ மாணவிக்கோ கொடுங்கள். இலவசமாகக் கொடுக்கவேண்டியதில்லை, ஐந்து ஆண்டுக்கு நிலையாகக் கொடுத்தாற் போதும். இளைஞர்கள் அவ்வறைகளின் விபரத்தைத் திரட்டி ஒரு பதிவேட்டில் எழுதி, ஆண்டுதோறும் பரீட்சை முடிவு வெளியாகும் முன்னே புதுப்பித்து வையுங்கள். தொழில் புரியும் சட்டத்தரணிகள், பயிற்சிக்கு வரும் பிள்ளைக்கு அந்த ஆறு மாதமும் பஸ் செலவும் மதியச் சாப்பாடுமாவது கொடுத்து உதவுங்கள்.

மாணவர்காள், விண்ணப்பப் பத்திரத்தை நிரப்பும் அன்றே வேறொரு தாளை எடுத்து, எத்தனை ஆண்டு, எந்த ஊர், எவ்வளவு வாடகை, எத்தனை மணி நேரப் பயணம் என்று எழுதிப் பெற்றோருக்குக் காட்டுங்கள். இரண்டு தாளும் ஒன்றோடொன்று பொருந்தினால் துணிந்து புறப்படுங்கள். பொருந்தாவிடில் வழியை மாற்றுங்கள். சட்டம் கற்கும் எண்ணத்தை மாற்றவேண்டாம். வழிகள் மூன்று இருக்கின்றன என்பதை மறவாதீர்கள்.